கசக்காத மருந்து

"சீல் வச்ச பாட்டிலைத் திறந்து குடிச்சது நீங்கதானா?"

"நான்தான் சார்."

மருந்து கம்பெனி மேனேஜர் அசந்துபோனார். ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற அம்மா. அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்திருந்தார். அவளோ ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"தெரியாம குடிச்சிட்டேன்னு எழுதிக் கொடுங்க. ஒரு வாரம் சஸ்பெண்ட், அதோட விட்டுடறேன்."

"தெரிஞ்சுதான் குடிச்சேன். ரெண்டு மூடி. அப்படியே எழுதிக்கங்க."

"கொழுப்பைப் பாருங்க மேடம்!"

பக்கத்தில் இருந்த தலைமை ஆராய்ச்சியாளருக்கும் ஆத்திரம்தான்.

"மூணு வருஷ உழைப்பும்மா அது! கல்லீரல் கெட்டுப்போன குழந்தைகளுக்கான மருந்து. அதுல இருக்கற மூலிகை இலைச் சத்து தண்ணியில லேசுல கரையாது. கரையாததால உடம்புலயும் சேராது. ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு சர்க்கரை வளையத்துக்குள்ள உட்கார வச்சுக் கரைச்சிருக்கோம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பப் போய் நீங்க..."

"கசக்குது மேடம்."

"என்னது?"

"எட்டிக்காயா கசக்குது. பச்சைப் பிள்ளை எப்படிக் குடிக்கும்?"

"சான்ஸே இல்ல. வளையத்துக்குள்ள போயிட்டா நாக்குக்குக் கசப்பே தெரியாது. கசந்தா..."

சட்டென்று நிறுத்தினார். கசந்தால், சத்து வளையத்துக்குள் போகவே இல்லை என்று அர்த்தம்.

"பாட்டில் கழுவறவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு யோசிக்கிறீங்களே மேடம்!" என்றார் மேனேஜர்.

ஆராய்ச்சியாளர் மேஜைமேல் இருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டார். முகம் அஷ்டகோணலானது.

"ஒரு பாட்டில்கூட வெளிய போகக் கூடாது. எல்லாத்தையும் நிறுத்துங்க."

"எப்படி மேடம்? சுவைச் சோதனையில பாஸாச்சே! செஞ்சவங்களே சுவைச்சுச் சொல்லக் கூடாதுன்னு நீங்க ஒதுங்கிக்கிட்டீங்க. அதிகாரிங்க பத்துப் பேர் 'கசப்பு இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். முதல் கையெழுத்தே என்னுது! பத்து நாக்கும் பொய், இந்தம்மா நாக்கு மட்டும் நிஜமா?"

"உங்க நாக்கை நான் குத்தம் சொல்லல சார்" என்றாள் அவள். குரல் கொஞ்சமும் தாழவில்லை. "அன்னைக்கு அந்தப் பத்துக் கப்பும் கழுவறதுக்கு என்கிட்டதான் வந்துச்சு. பத்தும் தளும்பத் தளும்ப வந்துச்சு."

ஆராய்ச்சியாளர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஒருத்தராவது குடிச்சிருந்தா, நான் எதுக்கு சார் குடிக்கப் போறேன்?"