ஒன்றரைக்குக் கீழே

"பிளேட்டைக் கழுவி ரெண்டு வாரம் ஆச்சு மேடம். அதையும் எழுதிக்குங்க."

தண்ணீரைப் பரிசோதிக்க மாதம் ஒருமுறை வருகிற அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறீங்களே அண்ணே. வேலை போயிரும்."

சுத்திகரிப்பு நிலைய ஆப்பரேட்டர் சிரிக்கவில்லை. தொட்டிக்குள் வரிசையாகத் தொங்கிய அலுமினியத் தகடுகளில் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மின்சாரம் பாய்ந்தால் தகடு கரைந்து, தண்ணீரிலுள்ள, எலும்பைக் கெடுக்கிற ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு பஞ்சு பஞ்சாக அடியில் படியும். வெள்ளை படர்ந்த தகடு கரையாது. அதில் படர்ந்திருந்தது.

வெள்ளை படராமலிருக்கத் தினமும் மின் இணைப்பைத் திசை மாற்றிப் போடவேண்டும், அதையும் பல நாள் மறந்துவிட்டேன் என்றார். இந்தத் தண்ணீரைத்தான் ஒன்பது வயது மகளும் குடிக்கிறாளாம். இரண்டு மாதமாக முழங்கால் வலி, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாளாம்.

அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பெற்ற பிள்ளைக்கே விஷத்தை ஊற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார், பாவம்.

குழாய்த் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்தாள். அவர் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். கருவியில் எண்கள் ஓடி நிற்கும்வரை அவர் மேசை விளிம்பை விடவில்லை.

ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. இரண்டு பாட்டிலும் முக்காலைத் தாண்டவில்லை.

அவளுக்கே மூச்சு வந்தது. "மத்த பிளேட்டெல்லாம் நல்லாவே வேலை செஞ்சிருக்கு அண்ணே. போன மாசமும் இதே அளவுதான். பாப்பா நல்ல தண்ணிதான் குடிச்சிருக்கா. நிம்மதியா இருங்க."

அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த டாக்டர் சீட்டை எடுத்து அவள் முன் விரித்தார்.

எக்ஸ்ரேயில் எலும்புக்குள் ஏதோ தெரிகிறதாம். தண்ணீரால் வந்ததென்றால் பயமில்லை, தண்ணீரை மாற்றினாலே போதும் என்றாராம் டாக்டர். தண்ணீரில் குறையில்லையென்றால் எங்கே போகவேண்டும் என்பதைச் சீட்டின் கடைசி வரியில் எழுதியிருந்தார். அது புற்றுநோய் ஆஸ்பத்திரியின் முகவரி.

அவள் சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் கருவியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவை பாருங்க தங்கச்சி... கூடுதலா இருக்குன்னு சொல்லுங்க."