ரெஸ்யூமில் ஏறிய குதிரை

“குதிரை ஏறத் தெரியுமாம்மா உனக்கு?”

பிளேஸ்மென்ட் ஆபீசர் தனிஸ்லாஸ் கேட்ட கேள்வியில் இறுதியாண்டு பி.காம். மாணவி சுபலட்சுமி திருதிருவென்று விழித்தாள்.

“இல்லையே சார்.”

“ஹாபின்னு போட்டிருக்கியே, ஹார்ஸ் ரைடிங்குன்னு. வில்லாபுரத்துல எந்தத் தெருவுல ஓட்டுற?”

“காளவாசல் பிரவுசிங் சென்டர் அண்ணேதான் சார் போட்டு விட்டாரு. அந்த எடம் காலியாக் கெடந்தா நல்லாருக்காதுன்னாரு.”

தனிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அண்ணே கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ரெஸ்யூமை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பேரை மட்டும் மாற்றி பிரிண்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பாதிப் பேர் குதிரை வீரர்களாகி விட்டார்கள்.

பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார்.

“இந்தி சரளமா வருமா?”

“பாட்டுக் கேப்பேன் சார்.”

இந்தியும் போனது.

“ரத்ததான முகாம் நடத்தின அனுபவம்?”

“ரத்தம் குடுத்தவகளுக்கு ஜூஸ் ஊத்திக் குடுத்தேன் சார்.”

“அப்ப ஜூஸ் ஊத்திக் குடுத்தேன்னு எழுது. ரெஸ்யூமில பொய் எழுதுறதும் திருட்டும் ஒண்ணும்மா. ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சா மத்த வரியையும் எவன் நம்புவான்?”

இந்த விஷயத்தில் தனிஸ்லாஸ் பொல்லாதவர். பொய் என்றாலே அவருக்கு ஆகாது. அதிலும் பிள்ளைகள் சொல்லும் பொய் அறவே ஆகாது.

அடித்து முடித்தபோது பேரும் மார்க்கும்தான் மிஞ்சியிருந்தன. சுபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நாளைக்குக் கம்பெனிக்காரக வாராக சார். இதுல வேலை கெடைக்கலன்னா தையில கல்யாணம்னு அப்பா முடிவே பண்ணிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல வந்து பார்த்துட்டும் போயிட்டாக.”

அவருக்கும் மனசு கேட்கவில்லை.

“சரி, நெசமா நீ செஞ்சது ஒண்ணு சொல்லு.”

“ஆண்டு விழாவுல சாப்பாட்டு டோக்கன் குடுத்தது நான்தான் சார்.”

“எம்புட்டுப் பேருக்கு?”

“காலேஜ் மொத்தத்துக்கும். சண்டை ஒண்ணும் வரல சார்.”

“மட்டன் பிரியாணி போட்டும் சண்டை வரலையா? அட, அதை மொத வரியா எழுதும்மா!”

மறுநாள் செமினார் ஹாலில் இன்டர்வியூ. சென்னையிலிருந்து வந்திருந்த கம்பெனி அதிகாரி சரண்யாதேவி அந்த முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டார். வகுப்புவாரியாக நேரம் பிரித்ததையும், ரகளை பண்ண வந்த பையன்களையே பந்தி பரிமாற விட்டதையும் சுபலட்சுமி சொல்லச் சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல், வாசலில் நின்றிருந்த, காலேஜை நடத்தும் கரஸ்பாண்டன்ட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து சரண்யாதேவி, மேஜையில் கிடந்த காலேஜ் அறிமுகப் புத்தகத்தைப் புரட்டினார்.

“எல்லா மாணவர்களுக்கும் மூணு வருஷமும் ஜப்பான் மொழிப் பயிற்சின்னு இதுல போட்டிருக்கு. உங்க ரெஸ்யூமில அதைக் காணோமே? கிளாஸ் நடந்துச்சா, இல்லையா?”

தனிஸ்லாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. நடக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால், இந்தக் கம்பெனி இனி காலேஜ் பக்கமே தலை வைத்துப் படுக்காது.

சுபலட்சுமி அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

“நடந்துச்சு மேடம். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாக. எனக்குத்தான் மண்டையில ஏறல.”

சரண்யாதேவியின் சிரிப்பு மறைந்தது.

“மூணு வருஷம் சொல்லிக் குடுத்தும் ஏறலைன்னா, எங்க வேலையை நீங்க எப்படிக் கத்துக்குவீங்க?”

ரெஸ்யூமை ஓரமாக நகர்த்தி வைத்தார். சுபலட்சுமி எழுந்தாள்.

தனிஸ்லாஸால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மேடம், அந்தப் பிள்ளை பொய் சொல்லுது. என்னைக் காப்பாத்துறதுக்காகச் சொல்லுது. ஜப்பான் மொழிக்கு இங்க வாத்தியாரே கெடையாது. அந்தப் புத்தகத்தை எழுதினதே நான்தான். பக்கத்துக் காலேஜ்ல ஜெர்மன் சொல்லித் தாரோம்னு போட்டிருந்தாங்க. அதான், நான் ஜப்பான்னு போட்டுட்டேன்.”



சரண்யாதேவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓரமாக வைத்த ரெஸ்யூமை இழுத்து, அதில் கையெழுத்துப் போட்டார்.

“பொண்ணை நாங்க எடுத்துக்கிட்டோம் சார்” என்றவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நீங்களும் ஒரு ரெஸ்யூம் எழுதி வச்சுக்குங்க. உங்க கரஸ்பாண்டன்ட் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் வாசல்ல நிக்கிறாரு.”