எரியக் கூடாத இடம்

காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர் ஸ்கேன் வளையத்துக்குள் மல்லாந்து கிடக்கிறார். நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பது உறைந்த ரத்தமா, அபூர்வமான கட்டியா என்று தெரியவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரைக்கு அது மசியவே இல்லை. அதனால் சர்க்கரையோடு சேர்ந்த கதிர்மருந்தை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். கட்டி என்றால் அதைக் குடித்துவிட்டுப் படத்தில் விளக்குப்போல எரியும். உறைந்த ரத்தம் என்றால் இருட்டாகவே கிடக்கும். அசைகிற தசையும் எரியுமாம். ஆகவே ஊசிக்குப் பிறகு பேசக் கூடாது, காலாட்டக் கூடாது. தூக்கத்திலும் ஏலம் விடுகிற மனிதரிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவருக்கு மூக்கு அரிக்கிறது, கட்டைவிரல் தன்பாட்டுக்குத் துடிக்கிறது, தலைக்கு மேல் வளையம் கிர்ரென்று இரைகிறது. கண்ணாடிக்கு அப்பால் மனைவி கைப்பையைத் திறந்து திறந்து மூடுகிறாள். பக்கத்தில் ஸ்கேன் எடுக்கும் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மைக்கில் அதட்டுகிறாள்.

“அண்ணே, நெஞ்சுப் படம் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள தொண்டை இந்த எரி எரியுது! ஊசி போட்டப்புறம் யார்கிட்ட பேசினீங்க?”

“என்னைச் சொல்லாதீங்க, நான் வெளியிலதான் இருந்தேன்” என்கிற மனைவியின் குரலும் மைக்கில் கேட்கிறது.

ஏலக்காரர் தலையைத் திருப்பாமல் சொல்கிறார்.

“யார்கிட்டயும் இல்லம்மா. நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்கே, அதுகிட்டதான். நீ எரிஞ்சிடாத சாமின்னு கெஞ்சிட்டிருந்தேன்.”