திறக்காத பூட்டு

மதிய வெயில் கண்ணாடிச் சுவர் வழியே வந்து திரையில் பட்டுக் கண் கூசுகிறது. அவள் கையால் மறைத்துக்கொண்டு அந்த எச்சரிக்கை வரியை மறுபடி படிக்கிறாள். நோயாளிக்குச் சொட்டுச்சொட்டாக மருந்தேற்றும் கருவிக்கான நிரல் அது. ஒரே தகவலை இரண்டு பகுதிகள் ஒரே நேரத்தில் தொடாமலிருக்க நிரலுக்குள் பூட்டுகள் உண்டு; அவற்றைச் சரிபார்க்கும் மென்பொருள் வாரக்கணக்கில் வீண் எச்சரிக்கைகளாகவே கூப்பாடு போட்டிருக்கிறது. நிரலின் ஒரு பகுதி போட்ட பூட்டை இன்னொரு பகுதி திறப்பது அதன் கண்ணில் படுவதில்லை. ஒவ்வோர் எச்சரிக்கையையும் பொய்யென்று நிரூபித்தவள் அவள்தான். இது மட்டும் பொய்யில்லை. பிழை நேர்ந்தால் நிரல் பூட்டைத் திறக்காமலே வெளியேறுகிறது. பூட்டுக்காகக் காத்துக் காத்துக் கருவி அப்படியே நின்றுவிடும். "சார், இது நிஜம்." குழுத்தலைவர் காப்பியை உறிஞ்சுகிறார். "எல்லாமே பொய்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" "அதையெல்லாம் பாத்ததாலதான் சார் சொல்றேன். இத மட்டும் திருத்திடலாம்." "இப்ப கைய வச்சா முதல்லேருந்து சோதிக்கணும். சாயங்காலம் அனுப்பியாகணும்." அவள் தோளுக்கு மேலாகக் கை நீட்டி, 'பொய் எச்சரிக்கை' என்பதை அவரே அழுத்துகிறார். கடைசி எச்சரிக்கையும் மறைந்து திரை முழுவதும் பச்சையாகிறது. பின்னாலிருந்து யாரோ கைதட்டுகிறார்கள். "அப்பாடா! யாரு முடிச்சது?" "நம்ம மேடம்தான்," என்கிறார் தலைவர், பெருந்தன்மையாக. அவள் அந்த எச்சரிக்கையின் பதிவைத் திறந்து பார்க்கிறாள். 'எச்சரிக்கையை மூடியவர்' என்ற இடத்தில், அவளுடைய கணினியிலிருந்து அழுத்தியதால், அவள் பெயரே விழுந்திருக்கிறது.