ஏறுகிற கண்ணாடி

மும்பை தாராவியில் தொண்ணூறடி சாலையோரம், பட்டப்பகலில் கொட்டுகிற மழையில், ஒரு வாடகைக் கார் நான்கு கண்ணாடிகளும் இறங்கி, கூரைக் கண்ணாடியும் திறந்தபடி நனைந்துகொண்டு நிற்கிறது. ஓட்டுநர் சீட்டில் பூமாரி. வண்டி அவள் புருஷனுடையது. அவன் இறந்த பிறகு அவள்தான் ஓட்டுகிறாள். இடப்பக்க ஜன்னல் வழியே அவன் அண்ணன் வானமாமலையின் கை தோள்வரை உள்ளே நுழைந்து சாவியைத் துழாவுகிறது. ஒரு சாண் எட்டவில்லை. “ஏட்டி, சாவியக் குடு. எந்தம்பி வண்டில்லா இது. பொம்பள ஓட்டி ஊரு சிரிக்கணுமா?” “சிரிக்கவுக சிரிக்கட்டும் அத்தான். கைய எடுங்க, வேல கெடக்கு.” அவள் திரும்பக்கூட இல்லை. தன் பக்கக் கதவைப் பாதி திறந்து, வண்டியிலிருந்து கதவுக்கு ஒயர்கள் போகும் ரப்பர் குழாயை உருவிப் பார்க்கிறாள். தோல் உரிந்த ஒரு சிவப்பு ஒயர், செம்பு பளபளக்கத் தகரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து போட்ட ஃபியூஸெல்லாம் கருகி, கண்ணாடிகள் ஏறாமல் நின்றது இதனால்தான். டேப்பைப் பல்லால் கிழித்து இறுகச் சுற்றுகிறாள். மிச்சமிருக்கும் ஒரே ஃபியூஸை டாஷ்போர்டுக்கு அடியில் அழுத்துகிறாள். கதவை அறைந்து சாத்தி, ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். தலைக்கு மேல் கூரைக் கண்ணாடி வழுக்கி வந்து மூடுகிறது. மடியில் விழுந்துகொண்டிருந்த மழை இப்போது மேலே தடதடக்கிறது. இடப்பக்கக் கண்ணாடி முனகிக்கொண்டே ஏறுகிறது. வானமாமலை வெடுக்கென்று கையை உருவிக்கொள்கிறார். அவர் கத்தல் பாதியாகிறது, கால்வாசியாகிறது. ஒரு விரல் இடைவெளியில் பூமாரி கண்ணாடியை நிறுத்துகிறாள். “வண்டியில ஏறணும்னா ரோட்டுல நின்னு கை காட்டுங்க அத்தான். நிப்பாட்டுதேன்.” அந்த ஒரு விரல் இடைவெளியும் மூடுகிறது.