பதினொரு மணிக்கு

"எத்தனை நாளைக்குத்தான் மறைக்கிறது? இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடணும்."

குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டார் பஸ் டிரைவர். குழாயைத் திறந்துவிட்டிருந்தும் குரல் வெளியே கேட்டுவிட்டது.

தலையைத் துவட்டிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது, மனைவி தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். வகுப்பில் நின்று நின்று பழகிவிட்டதாம். வீட்டிலும் அவள் உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம்.

"யார்கிட்ட சொல்லணும்?" என்றாள்.

"என்னது?"

"உள்ள ஒத்திகை பார்த்தீங்களே, அது. லீவு போட்டிருக்கீங்க. காலையிலேர்ந்து ரெண்டு தடவை குளிச்சாச்சு. புது ஜட்டி வேற!"

அவர் வாயைத் திறப்பதற்குள் தட்டை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "நேத்து உங்க போனை நான் எடுத்தேன். 'சார் நாளைக்குப் பதினொரு மணிக்கு மறக்காம வரணும்'னு சொல்லிட்டு ஒரு பொண்ணு வச்சிட்டா. யாருங்க அவ?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் குரல் இப்படி நடுங்கி அவர் கேட்டதில்லை. தன்னை அறியாமல் அவர் கை சட்டைப்பையைப் பொத்தியது. அது போதாதா? உள்ளே இருந்த காகிதத்தை உருவிப் பிரித்தாள்.

'ஆறு மாசமா இருக்கு. வெளிக்குப் போகும்போது ரத்தம். சில நாள் சதை வெளியே வருது. உட்கார்ந்து வண்டி ஓட்ட முடியலை.'

"மூலம்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "டாக்டர் முன்னாடி வாய் வராதேன்னு எழுதி வச்சேன். பேசினது ஆஸ்பத்திரி நர்ஸு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்ல? சீட்டுல காத்தடிச்ச ரப்பர் வளையம் போட்டு உட்கார்ந்தேன். 'அண்ணனுக்குச் சிம்மாசனம் வந்தாச்சு'ன்னு கண்டக்டர் கத்த, பஸ்ஸே சிரிச்சுது. நீயும் சிரிச்சிட்டா நான் எங்க போவேன்?"

அவரே தொடர்ந்தார்.

"நம்ம ரூட்ல இருக்கிற ஆஸ்பத்திரின்னா தெரிஞ்ச பாசஞ்சர் எவனாவது இருப்பான். அதான் ரெண்டு பஸ் மாறிப் போற இடமாப் பார்த்தேன். அங்க போயும் பேன்ட்டைக் கழட்டணுமேன்னு நினைச்சா உடம்பே கூசுது. ரத்தத்தைப் பார்த்தா பயமாவும் இருக்கு. போகாம இருந்திடலாமான்னு கூட..."

முடிக்க முடியாமல் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தாள், ஒவ்வொரு வரியாக. பிறகு கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"இதுலயுமா எழுத்துப் பிழை பார்க்கப்போற?" என்றார் பரிதாபமாக.

அவள் காகிதத்தைத் திருப்பி, மேசைமேல் குனிந்து, பின்பக்கத்தில் நாலு வரி எழுதினாள். அதை அவரிடம் நீட்டும்போது முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அந்த நர்ஸுக்குப் போன் போட்டு இன்னொரு டோக்கன் சொல்லுங்க... எனக்கு மூணு வருஷமாச்சு."