துரு பூசும் வகுப்பு

டார்லிங்டன் தேவாலயக் கூடத்தில் அந்த வியாழன் மாலை நால்வர் இருந்தனர்: மாதிரி ரயில் சங்கத்தில், காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வகுப்பு நடத்தும் ரேமண்ட் ஹோல்ராய்ட், சங்கச் செயலாளர் கிளைவ் மாசப், தேநீருக்காகவே வருகிறவர் என்று பெயரெடுத்த நெவில் டேட், வகுப்பின் ஒரே மாணவி ஆட்ரி பெல்.

ஆட்ரியின் கணவர் கார்டன் வரவில்லை. புத்தம் புதிய குட்டிச் சரக்கு வேகனுக்கு நாற்பது வருடத்துக் கரியையும் துருவையும் ஏற்றிக் காட்டுவதில் அந்தச் சங்கத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை. நடுக்க நோய் வந்தபின் வீட்டோடு இருந்தார். ஆயினும் சனிக்கிழமைக் கண்காட்சியில் அவர் பெயரில் வேகன்கள் வைக்க ஒரு வரிசை ஒதுக்கப்பட்டிருந்தது.

"புருஷன் கை நடுங்கிட்டு வீட்ல கிடக்கார். அந்த நிலைமையிலயும் விடாம வேகனுக்குப் பெயின்ட் அடிக்கிறார். இந்தம்மா என்னடான்னா இங்க வந்து பெயின்ட்ல விளையாடுறாங்க," என்றார் கிளைவ். குரல் தாழ்ந்திருந்தது, கேட்காத அளவுக்குத் தாழவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள கத்துக்கணுமாம். அவரோடயே போட்டியோ என்னமோ!" நெவில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

ஆட்ரியின் காதில் விழுந்தது. வேகனில் பெயின்ட் தெளித்த கை நிற்கவில்லை.

"நிறுத்துங்க, மிசஸ் பெல்." ரேமண்ட் வேகனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "இது துருவா? யாரோ கோகோவைக் கொட்டின மாதிரி இருக்கு. முதல்ல கையை நகர்த்துங்க, அப்புறம் விசையை அழுத்துங்க. ஒரே இடத்துல நின்னு அழுத்தினா வழியத்தான் செய்யும்."

பெயின்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் அத்தனையையும் துடைத்துப் போட்டார். அன்று மூன்றாம் முறை.

"ரே, புதுசா கத்துக்கிறவங்கப்பா. கொஞ்சம் பாத்து…" என்றார் நெவில்.

"பாத்துதான் சொல்றேன். நீ உன் பிஸ்கட்டைப் பாரு, கப்புக்குள்ள விழுந்துடுச்சு."

ஆட்ரி பையிலிருந்த தகர டப்பாவைத் திறந்து இன்னொரு வேகனை எடுத்தார். எட்டிப் பார்த்த கிளைவ் வாய்விட்டுச் சிரித்தார். பக்கமெல்லாம் திட்டுத் திட்டாகப் பழுப்பு. சக்கரம் வரை வழிந்து உறைந்திருந்தது.

"எந்தக் கழுதை அடிச்சது இதை?"

"நான்தான்," என்றார் ரேமண்ட், உடனே.

"நீயா? போட்டியில கோப்பை வாங்கின கையாப்பா இது?"

"பொய் வேண்டாம், ரேமண்ட்." ஆட்ரி நிமிர்ந்தார். "இது கார்டன் அடிச்சது. இன்னிக்குக் காலைல."

சிரிப்பு நின்றது.

"தினமும் காலைல ஒண்ணு அடிக்கிறார். மத்தியானம் அவர் கண் அசந்ததும் நான் துடைச்சுட்டு மறுபடி அடிச்சு வைக்கிறேன். எழுந்து பாத்துட்டு, 'காய்ஞ்சப்புறம் நல்லாத்தான் இருக்கு'ங்கிறார். வீட்டு விளக்குல அது போதும், கண்காட்சிக்குப் போதாது. அதான் வந்தேன்."

"அவங்கவங்க கையால செஞ்சதைத்தான் வைக்கணும்னு விதி போட்டதே கார்டன்தான். அவர் பேர்லயே பித்தலாட்டமா?" கிளைவ் எழுந்தே விட்டார். "நான் அவர்கிட்ட சொல்லியாகணும்."

"சொன்னீங்கன்னா நாளைக்கு அவர் எழுந்திருக்க மாட்டார், கிளைவ். அவர் படுக்கையை விட்டு இறங்கறதே இந்த பெயின்டுக்காகத்தான்."

"அதுக்காக? உண்மைன்னு ஒண்ணு இல்லையா?"

ஆட்ரி கணவர் பூசியதைச் சுத்தமாகத் துடைத்தார். கையை நகர்த்தினார், அதன்பின் விசையை அழுத்தினார். நிறம் மூடுபனிபோல் மெல்லப் படிந்தது. காயவிட்டு மீண்டும் ஒரு பூச்சு. துரு வந்தது.

நம்பர் மட்டும் மிச்சம். வேகன் முழுதும் கரியேறிக் கிடந்தாலும், நம்பரை மட்டும் துணியால் துடைத்துப் படிக்கும்படி வைப்பது அக்கால ரயில் யார்டு ஆட்களின் வழக்கம்; மாதிரி வேகனிலும் அதை விட்டுவிட மாட்டார்கள். ஆட்ரி பஞ்சுக் குச்சியை எடுத்தார்.

"இடது கையால துடைங்க. கார்டன் இடது கைக்காரர். அவர் துடைச்சா அழுக்கு இடப்பக்கமா இழுபடும்," என்றார் ரேமண்ட்.

ஆட்ரி கை மாற்றிக்கொண்டார்.

ரேமண்ட் அதை விளக்கின்கீழ் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். "ம்," என்றார். துணியை எடுக்கவில்லை.

ஆட்ரி வேகனை டப்பாவில் வைத்து மூடினார். மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், கிளைவ் வெடித்தார். "நீயும் இதுக்கு உடந்தையா, ரே? ஒரு மனுஷனை அவர் வீட்டுக்குள்ளயே ஏமாத்துறாங்க. நீ அதுக்கு வகுப்பு எடுக்கிறே! இப்பவே கார்டனுக்குப் போன் போடறேன்."

"போடு. போன மாசம் அவரே எனக்குப் போட்டார்."

"என்னன்னு?"

ரேமண்ட் ஏர்பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "'ஆட்ரி நம்பரை வலது கையால துடைக்கிறா, ரே. கண்காட்சியில பாக்குறவன் சிரிப்பான். கண்டிப்பா இருந்து கத்துக்கொடு. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே. என் கையால இனி ஆகாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். என்னைக் குளிப்பாட்டி, எனக்கு ஊட்டி விட்டே அவ பொழுது போகுது. அந்த பெயின்ட் அடிக்கிற நேரம் ஒண்ணுதான் அவளுக்குன்னு இருக்கு. அதுக்காகத்தான் தினம் ஒரு வேகனைக் கெடுத்து வைக்கிறேன்'னார்."

கிளைவ் தம் தொப்பியை எடுத்துக்கொண்டார்; போன் போடாமலேயே வெளியேறினார்.